விடைக்கோழிகளை முட்டையிடும் முன்பே அறுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முட்டைக்கு மலேசிய அரசாங்கம் வழங்கிவந்த உதவித்தொகை 2025 மே 1ஆம் நாள் முட்டை ஒன்றுக்கு 10 சென்னிலிருந்து 5 சென்னாகக் குறைக்கப்பட்டது. ஆகஸ்டு 1ஆம் நாள் விலைக் கட்டுப்பாட்டோடு சேர்த்து முற்றாக நீக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 2022ஆம் ஆண்டின் இறுதியில் முட்டைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டுக் கடைகளில் தட்டுகள் காலியாகக் கிடந்ததையும், தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்து முட்டை இந்நாட்டுக்கு வந்து இறங்கியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயன் வீடுகளில் இன்னும் குடியிருப்போரும், தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டோரும் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழிகளை மறுபடியும் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஐந்து மாதம் தீனி போட்டும் ஒரு முட்டைகூடக் காணவில்லை என்று மனம் சலித்து, அந்த விடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகளை, அறுத்துவிடுவதையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கோழிகளில் பெரும்பாலானவற்றிடம் எந்தக் குறையும் இல்லை. வயது நிரம்பாத கோழிக்கு முட்டைக்கோழித் தீனியைக் கொடுப்பதும், வயது நிரம்பிய கோழிக்கு வெறும் நொய்யரிசியைக் கொடுப்பதும், இடையில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போவதுமே இந்த ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணைகளுக்காகக் கலப்பினமாக உருவாக்கப்பட்ட பழுப்பு நிற முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில் முதல் முட்டையை இடும். நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நாட்டுக்கோழி, அதாவது கம்பத்துக்கோழி, அவ்வளவு விரைவாக முட்டைக்கு வராது. ஆறு மாதம் ஆகலாம், ஏழு மாதமும் ஆகலாம். வாரச் சந்தையில் கோழியை விற்பவர் "அடுத்த மாதம் முட்டை விடும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். அது எந்த இனம், எந்த வாரத்தில் பொரித்த குஞ்சு என்று கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. பொரித்த நாள் தெரியாமல் மாதக் கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. ஆகவே கோழி வாங்குவோர் குஞ்சின் வயதை வாரக் கணக்கில் கேட்டு, வீட்டு நாள்காட்டியில் அன்றே குறித்து வைக்க வேண்டும். ஒரு கலப்பின விடைக்கோழி முட்டைக்கு வரும் வயதை எட்டுவதற்குள் ஏறத்தாழ 7 கிலோ தீனியைத் தின்றுவிடுகிறது. அவ்வளவும் போட்ட பிறகு, பலன் கிடைக்க இரண்டு மூன்று வாரமே இருக்கும் நேரத்தில் கத்தியை எடுப்பது அந்தக் குடும்பத்துக்கே நட்டம்.

அடுத்தது தீனி. நான் இந்தக் கடிதத்தை எழுத முக்கியக் காரணமும் அதுதான். கடைகளில் விற்கும் கோழித்தீனி ஒரே வகை அல்ல. குஞ்சுகளுக்கான தீனியில் புரதம் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு வரை இருக்கும். இதை ஆறு முதல் எட்டு வாரம் வரை கொடுக்க வேண்டும். வளரும் கோழிக்கான தீனியில் புரதம் 15 அல்லது 16 பங்காகக் குறைந்து, சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு அளவில் நிற்கும். முட்டையிடும் கோழிக்கான தீனியில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு பங்கு வரை, அதாவது வளரும் கோழிக்குத் தேவையானதைப் போல் மூன்று நான்கு மடங்கு சேர்க்கப்பட்டிருக்கும். முட்டை சீக்கிரம் வேண்டும் என்ற ஆசையில் இரண்டு மாதக் குஞ்சுக்கே இந்த முட்டைக்கோழித் தீனியை வாங்கிப் போடுகிறார்கள். முட்டை ஓடு செய்யும் வேலை இன்னும் தொடங்காத உடம்புக்கு அத்தனை சுண்ணாம்பும் சுமைதான். அதை வெளியேற்றப் பாடுபட்டே சிறுநீரகம் கெடுகிறது. கெட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் உள்ளுறுப்புகளின் மேல் படிகிறது. கோழி மெலிந்து, சோர்ந்து, ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கிறது. எந்த நோய் வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். போட்ட தீனியை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதற்குத் தீனி போட்டவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எங்கள் பக்கத்துக் கடைகள் பலவற்றில் பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோ கணக்கில் நெகிழிப் பையில் கட்டி, "டெடாக்" என்ற ஒரே பெயரில் எல்லாத் தீனியையும் விற்கிறார்கள். மூட்டையின் மேல் அச்சிட்டிருந்த விவரம் மூட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்குவோர் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பத்தினரே. முழு மூட்டை வாங்குவோருக்குக் கிடைக்கும் விவரம் அவர்களுக்கு மட்டும் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பல வயதுக் கோழிகளை ஒரே கொட்டகையில் வைத்திருப்போர் எந்தத் தீனியைப் போடுவது என்று கேட்பதுண்டு. எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனியையே போட்டு, சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் துண்டுகளைத் தனித் தட்டில் வைத்துவிடுவது நல்ல வழி. முட்டையிடும் கோழி தன் தேவையை அறிந்து அந்தத் தட்டுக்குப் போகும். இளங்கோழி ஒன்றிரண்டு துண்டைக் கொத்திவிட்டு விலகிவிடும். இதற்காகப் பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. கோல செப்பெத்தாங், கோல குராவ் போன்ற பேராக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து கெராங் என்ற சிப்பி நம் சந்தைகளுக்கு வருகிறது. சாப்பாட்டுக் கடைகளில் அதன் ஓட்டைக் குப்பையில்தான் கொட்டுகிறார்கள். கேட்டு வாங்கி, உப்புப் போக நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பயற்றம்பருப்பு அளவுக்கு உடைத்து வைத்தால் போதும். மாவாகப் பொடித்துவிடக் கூடாது. ஏனென்றால் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செலவாகிறது. அந்த வேலையின் பெரும்பகுதி இரவில், கோழி எதையும் தின்னாமல் உறங்கும் நேரத்தில் நடக்கிறது. மாலையில் விழுங்கிய கரடுமுரடான துண்டு கோழியின் அரைவைப் பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைந்து சத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மாவு அதற்கு முன்பே கடந்து போய்விடும். வீட்டில் உடைக்கும் முட்டை ஓட்டையும் காயவைத்து நொறுக்கிக் கொடுக்கலாம். ஓடு என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கினால், கோழி தன் முட்டையையே கொத்தும் பழக்கத்துக்கு இடம் இருக்காது.

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முட்டையிடும் கோழி நாளொன்றுக்குத் தின்னும் தீனி 110 கிராம் அளவுதான். அது முறையான முட்டைக்கோழித் தீனியாக இருந்தால் அதிலிருந்து சுமார் 4 கிராம் சுண்ணாம்புச் சத்து வயிற்றுக்குள் போகும். அதில் பாதி உடம்பில் சேர்ந்தாலும் ஓட்டுக்குக் காணும். அதே 110 கிராமும் நொய்யரிசியாகவோ மீந்த சோறாகவோ இருந்தால் சுண்ணாம்புச் சத்து அனேகமாக ஒன்றுமே இல்லை. புரதமும் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குக்கு மேல் இல்லை. கோழி சில நாள் தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும், பிறகு தோல் முட்டை இடும், பிறகு நிறுத்திவிடும். சோளத்துக்கும் இதே நிலைமைதான். சோளம் தின்றால் கோழி கொழுக்கும், மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதை மட்டுமே நம்பி முட்டையை எதிர்பார்க்க முடியாது. சோறு, நொய், சோளம், காய்கறிக் கழிவு எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதையும் மாலையில், முறையான தீனியைத் தின்று முடித்த பிறகு போட வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் இவ்வளவு கணக்கா பார்த்தோம், அரிசியைத்தானே வீசினோம், கோழி முட்டையிடவில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அன்று கோழி விடிந்தது முதல் அடையும் வரை வெளியிலேயே மேய்ந்தது. கறையான், வெட்டுக்கிளி, மண்புழு, நத்தை, பசும்புல் என்று அதுவே தேடித் தின்றதில் புரதமும் சுண்ணாம்பும் கிடைத்தன; நாம் வீசிய அரிசி கோழியை வீட்டுக்கு வரவழைக்கத்தான் உதவியது. அந்த நாட்டுக்கோழி இட்டதும் அளவாகத்தான்: பத்துப் பதினைந்து முட்டை இட்டவுடன் அடைக்கு உட்காரும், 21 நாள் அடைகாக்கும், பின்பு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். இன்று தாமான் வீட்டின் பின்புறத்தில் நாற்புறமும் கம்பிவலை அடித்து அடைத்து வைத்திருக்கும், ஏறக்குறைய நாள்தோறும் முட்டையிடும்படி உருவாக்கப்பட்ட கோழிக்கு அதே அரிசியை வீசுவது போதாது. மேய்ச்சலுக்கு ஈடாக முருங்கைக்கீரையைக் கட்டித் தொங்கவிடலாம்; அதில் புரதமும் சுண்ணாம்பும் உண்டு. கவிழ்த்துப் போட்ட பழைய சட்டிக்குள் ஈரமான வைக்கோலும் சாணமும் திணித்துக் கறையான் பிடிக்கும் பழைய முறையை வயதானவர்கள் இன்னும் அறிவார்கள். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல இரை கிடைப்பது அரிது. மாட்டுக்கு வாங்கிய செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையே கோழிக்கும் அள்ளிப் போடுவது சரியல்ல. அதில் நார் மிகுதி. சிறிதளவு கலக்கலாம், அதையே தீனியாக்க முடியாது.

நம் ஊர் ஈரத்தில் தீனி விரைவில் பூசணம் பிடிக்கிறது. பூசணம் பிடித்த சோளத்தில் உண்டாகும் நச்சு கோழியின் ஈரலைக் கெடுத்து, முட்டைக்கு வருவதையும் தாமதப்படுத்தும். மலிவாகக் கிடைக்கிறது என்று மாதக்கணக்குக்கு வாங்கிச் சேர்க்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஆவதை மட்டும் வாங்கி, மூடியுள்ள தொட்டியில் தரையில் படாமல் வைப்பதே பாதுகாப்பு. பக்கத்தில் தோட்டம் இருந்தால், களைக்கொல்லி தெளித்த வரிசைகளிலும், செம்பனை மரத்தடியில் எலி மருந்துக் கட்டி வைத்த இடங்களிலும் கோழி மேயாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது என்பதற்காக, இப்போது தெளிக்கும் மற்ற மருந்துகளால் கெடுதல் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

தண்ணீரையும் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது மூச்சோடு கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால், ஓடு படிவதற்கு இரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பனேட்டும் குறைந்துவிடுகிறது. நடுப்பகல் வெயிலில் துத்தநாகக் கூரையின் கீழ் நிற்கும் கோழி தின்பதும் குறையும், இடும் முட்டையின் ஓடும் மெலியும். சாதாரண நாளில் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும் கோழி கடும் வெயில் நாளில் அரை லிட்டர்வரை குடிக்கும். ஆகவே நிழலில் வைத்த, காலையும் மதியமும் மாற்றிய தண்ணீர் வேண்டும். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போட வேண்டும்.

இனி, காத்திருக்கும் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோழி முட்டைக்கு நெருங்குவதை அதன் உடம்பே காட்டிக் கொடுக்கும். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கும். நாம் கிட்டே போனால் ஓடிய கோழி, முதுகில் கை வைத்தவுடன் சிறகைச் சற்று விரித்து ஒடுங்கி உட்காரும். கொட்டகையின் மூலைகளை எட்டிப் பார்த்துக் கேறிக்கொண்டே திரியும். கோழியைப் பிடித்து, பின்புறத் துவாரத்துக்குக் கீழே இருபுறமும் கூராகத் தட்டுப்படும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தால், வயது வராத கோழிக்கு ஒரு விரல்தான் நுழையும். முட்டைக்கு வந்ததற்கு இரண்டு, மூன்று விரல் நுழையும். இந்த அறிகுறிகள் தெரிந்தபின் முட்டைக்கோழித் தீனிக்கு மாற்றினால் போதும். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கோழி தன் எலும்புக்குள் சுண்ணாம்பைச் சேமிக்கத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கிளிஞ்சல் தட்டு பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்து, கோழி முட்டையிடக் குளிர்கால விளக்கும் சூட்டு விளக்கும் வேண்டும் என்று சிலர் வாங்கி மாட்டுகிறார்கள். அந்த அறிவுரை குளிர்நாட்டுக்கு உரியது. அங்கே குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கும். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையை நிறுத்திவிடும். நாம் வாழ்வது நடுக்கோட்டுக்கு அருகில். பேராக்கில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாகவே இருக்கிறது. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேர வேறுபாடுகூட இல்லை. சூட்டு விளக்கு இங்கே வளர்ந்த கோழிக்குக் கெடுதலையே செய்யும். பண்ணையில் செய்வதுபோல் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட விரும்புவோர், கோழி 18 வாரத்தைக் கடந்த பிறகு, விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் சிறிய விளக்கை எரியவிடலாம். இரவில் எரியவிட்டுத் திடீரென்று அணைத்தால் கோழி அடையும் கம்பு தெரியாமல் தடுமாறும். கொட்டகை இருட்டாக இருந்தால், விளக்கு வாங்குவதற்கு முன் சுற்றிலும் அடைத்திருக்கும் பலகைகளில் இரண்டை எடுத்துவிடுவதே மேல்.

கோழி முட்டையிடவில்லை என்று முடிவு செய்வதற்கு முன், அது வேறெங்கோ இடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இது மிகவும் சாதாரணம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலும், மரத்தடியில் அடர்ந்த பெரணியும் கோழிக்கு மிகவும் பிடித்த மறைவிடங்கள். அங்கே இட்ட முட்டை உடும்புக்கும் மரநாய்க்கும் பாம்புக்கும் போய்விடும். வீட்டுக்காரருக்குக் கோழி மலடு என்ற எண்ணம் வந்துவிடும். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இட்டுவிடுவதால், காலை பத்து, பதினொரு மணிவரை கோழியை உள்ளேயே வைத்து, அதன்பின் திறந்துவிடும் வழக்கம் நல்லது. நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். ஓரடிச் சதுரமாக, அரையிருட்டான மூலையில், காய்ந்த புல்லோ மரத்தூளோ பரப்பி, கோழி அடையும் கம்பைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். கம்பைவிட உயரத்தில் வைத்தால் கோழி இரவில் அதிலேயே அடைந்து அசுத்தமாக்கிவிடும். பெட்டிக்குள் ஒரு மரமுட்டையையோ முட்டை அளவிலான பந்தையோ வைத்தால் புதுக்கோழி இடத்தைப் புரிந்துகொள்ளும்.

முதல் சில முட்டைகள் சிறியவையாக இருக்கும். சில தோல் முட்டையாக வரும், மஞ்சள் கருவே இல்லாமலும் வரும், இரண்டு கருவோடும் வரும். ஒரு நாள் இட்டு இரண்டு நாள் நிறுத்தும். இவையெல்லாம் தொடக்கத்தில் இயல்பானவை. சில வாரத்தில் தாமாகவே சீராகும். தோல் முட்டை ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால்தான் தீனியையும் கிளிஞ்சலையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

முட்டைக்கு வரும் வயதில் கோழிகளை வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் பறிகொடுப்போரும் உண்டு. நியூகாசல் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வெப்பத்தைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கம்பத்துக்கோழிகளுக்குக் கொடுக்கும் முறை 1980களில் நம் நாட்டு விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், ஆராயப்பட்டது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. குஞ்சு வாங்கும்போதே தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்பதும், இல்லையென்றால் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை நாடுவதும் ஒவ்வொரு வளர்ப்பாளரின் கடமை. தாமானில் எத்தனை கோழி வளர்க்கலாம் என்ற விதி இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஊராட்சி மன்றத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

தங்கள் வழியாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தீனியைப் பிரித்து விற்கும் கடைக்காரர்கள், அது குஞ்சுக்கா, வளரும் கோழிக்கா, முட்டைக்கோழிக்கா என்பதையும், மூட்டையைப் பிரித்த தேதியையும் பையின் மேல் மையால் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் தமிழ்க் கடைக்காரர்கள் அதைத் தமிழிலும் எழுதினால் வீட்டிலிருக்கும் பாட்டிமாருக்கும் உதவியாக இருக்கும். பெரும்பாலும் கோழிக்குத் தீனி போடுபவர்கள் அவர்களே. வேளாண்மை, கால்நடை வளர்ப்பு பற்றிய குறிப்புகளுக்குத் தங்கள் ஞாயிறு பதிப்பில் சிறிது இடம் ஒதுக்கி, அத்துறையில் பணிபுரியும் தமிழ் அதிகாரிகளையும் கால்நடை மருத்துவர்களையும் எழுதச் செய்யும்படி தங்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.